மிச்சம் பூஜ்யம்

ஆய்வுக்கூடத்துக் கணினித் திரையில் பூஜ்யம் தெரிந்ததும் பொறுப்பாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருத்துவமனைக்குப் போகிற ரப்பர் குழாய்களில் எத்திலீன் ஆக்சைடு வாயுவை ஏற்றிக் கிருமிகளைக் கொல்வது அவர் பிரிவின் வேலை. அந்த விஷ வாயு குழாயில் எவ்வளவு மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று அளப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை. அளக்கிறவர் அவருடைய மனைவி.

போன இரண்டு முறையும் மிச்சம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று மனைவி தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். மூன்றாவதும் திரும்பினால் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டத்தான் போகவேண்டும் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். பாவம், மனிதருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"ஒட்டுன கேஸ் போகணும்னு மூணு நாளா பக்கத்துலயே நின்னு சூடா காத்தடிச்சேன் சார். வேற நெனப்பே இல்ல."

"பலே. இப்படி ஒரு ரிசல்ட்ட நான் பார்த்ததே இல்லய்யா," என்று மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"செலவும் கம்மி சார். புது கேஸ் சிலிண்டருக்குச் சீட்டே போடல. பழசே போதுமா இருந்துச்சு."

மனைவி இந்தக் கூத்தில் கலந்துகொள்ளவில்லை. அளவு தெரிந்த வாயுக் கரைசலை ஊசியில் எடுத்து மெஷினுக்குள் செலுத்தினார். திரையில் கோடு ஒழுங்காக மேலே எழும்பியது. மெஷின் மேல் குற்றமில்லை.

மறுபடி குழாயை ஊறவைத்த தண்ணீரைச் செலுத்தினார். கோடு எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தது. இன்டர்காமை எடுத்து யாரிடமோ இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தார்.

"வீட்லயும் இப்படித்தான் சார். நான் கழுவி வெச்ச பாத்திரத்த வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பா," என்றார் பொறுப்பாளர்.

மேனேஜர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு தடவையாவது புருஷனுக்குப் பாஸ் போடுங்கம்மா. கேட்டுல லாரி நிக்குது."

"அத கெளம்ப வேண்டாம்னு இப்பதான் சொன்னேன் சார்."

சிரிப்பு பாதியில் நின்றது. பொறுப்பாளர் முகம் தொங்கிப்போனது.

"ஏம்மா, பூஜ்யத்த விடக் கம்மியா நான் எங்கேருந்து கொண்டு வர்றது?"

மனைவிக்குக் கோபம் இல்லை. இந்த மனிதரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது.

"ஒரு வாரம் காத்தடிச்சாலும் கேஸ் துளியாவது ஒட்டிக்கிட்டுதாங்க இருக்கும்," என்றவர், கணவர் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"என்னங்க, கேஸ தொறந்தீங்களா?"