சத்தம் வேண்டாம்

“சத்தம் வேண்டாம்னு எழுதியே கொடுத்துட்டேன். திரும்பவும் ஏன் கேக்கறீங்க?”

சேல்ஸ்மேன் நீட்டிய டேப்லெட்டை அவள் தொடவில்லை.

“இல்ல மேடம், எலெக்ட்ரிக் வண்டி ஓடுறதே தெரியாது. சப்புன்னு இருக்கும். அதனாலதான் பழைய பெட்ரோல் மாடலோட இன்ஜின் சத்தத்தைக் கம்பெனியே ஸ்பீக்கர்ல கொடுக்குது. உள்ளேயும் கேக்கும், வெளியேயும் கேக்கும். கண்ணை மூடிக்கிட்டா உங்க பழைய வண்டியேதான்.”

“அதனாலதான் வேண்டாங்கறேன்.”

கண்ணாடிக்கு வெளியே அந்தப் பழைய வண்டி நின்றது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவருக்கு அதை விற்றவன் இவன்தான். சொகுசு வண்டிகளில் ஆகச் சின்னது. மாதச் சம்பளக்காரர் எட்டிப் பிடிக்கக்கூடிய ஒரே செடான். ஷோரூமில் அதற்கு ‘முதல் படி’ என்று பேர். வாங்க வந்த அன்று அந்த மனுஷன் பானெட்டைத் திறக்கச் சொல்லி, இன்ஜினை ஓடவிட்டு, மனைவியைப் பக்கத்தில் இழுத்து “கேளேன், கேளேன்” என்றார்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஆபீஸில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார்.

“பழைய வண்டியை இன்னிக்கே எடுத்துக்குங்க,” என்றாள்.

“புதுசு வரப் பத்து நாள் ஆகுமே மேடம். அதுவரைக்கும் வேலைக்கு?”

“பஸ்ல போய்க்கறேன். அப்புறம், சாவி கொடுக்கறப்ப போட்டோ, கைதட்டல் எதுவும் வேண்டாம். லீவு நாள்ல என்னால வீட்டை விட்டு வர முடியாது, நீங்களே கொண்டு வந்துடுங்க. ஆனா வீட்டு வாசலுக்கு வராதீங்க. தெருமுனையில நிறுத்திட்டு போன் பண்ணுங்க.”

கையெழுத்துப் போட்டாள். வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

பழைய வண்டிகளுக்கு விலை மதிப்பவர் வந்து நின்றார். அவரை எல்லோரும் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என்னப்பா, அப்படி விறுவிறுன்னு போறாங்க?”

“இந்த வண்டி கண்ணுல படக் கூடாதாம். சத்தமும் காதுல விழக் கூடாதாம்.”

“நாலு மாசத்துல மனுஷனைத் துடைச்சுப் போட்டாச்சு. நம்ம வீட்டுல எப்படியோ.”

“உங்க வீட்டுல நாலு நாள் தாங்கும் அண்ணே.”

“கிண்டலா? உனக்கும் இதே கதைதான். இனி பெட்ரோல் மாடல் கிடையாது. எலெக்ட்ரிக்ல எல்லாரும் உசரமான வண்டிதான் கேக்கறாங்க. குட்டி செடானை இப்ப வந்திருக்கிற இந்த எலெக்ட்ரிக் மாடலோட மூட்டை கட்டிடுவாங்கன்னு பேச்சு. அப்புறம் எதை விப்பே?”

“சத்தத்தை விப்பேன்.”

மீட்டர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. பதினோரு வருஷமாக முதல் படியைத் தவிர வேறெதையும் அவன் விற்றதில்லை.

பத்தாம் நாள், சனிக்கிழமை மதியம், புது வண்டியில் ஏறி உட்கார்ந்தான். திரையைத் தொட்டால் சத்தங்களின் பட்டியல். பழைய பெட்ரோல் மாடல் இரண்டாவதாக இருந்தது. படிவத்தில் ‘சத்தம் வேண்டாம்’ என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

வீம்பு, என்று நினைத்தான். ஒரு தடவை காதில் விழட்டும். அழுதுவிடுவாள். அழுதால் நல்லதுதானே. பிடிக்காவிட்டால் சத்தத்தை நிறுத்திக்கொள்ளட்டும். அந்த மனுஷனுக்காக யாராவது ஒருத்தர் இதைச் செய்ய வேண்டாமா?

இரண்டாவதைத் தொட்டான். வண்டி உறுமியது.

தெருமுனையில் நிறுத்தவில்லை. வாசலுக்கே ஓட்டிப்போனான். அவன் பிரேக்கை மிதிப்பதற்குள் கேட் திறந்தது. ஒரு காலில் மட்டும் செருப்போடு ஒரு பெரியவர். இரண்டு கதவுகளையும் அகலத் தள்ளிவிட்டு, கையை வீசி வீசி உள்ளே வரச் சொன்னார்.

“வா, வா. இடது பக்கம் ஒடி. இடிச்சுடாதே.”

வண்டி உள்ளே வந்தது. பெரியவர் கேட்டைச் சாத்தப் போனார்.

ஈரக் கையோடு அவள் ஓடிவந்தாள். ஜன்னலருகே குனிந்து, மெதுவாக, “அணைங்க,” என்றாள்.

அணைத்தான்.

“மேடம், நான் என்ன நினைச்சேன்னா...”

“மாமாவுக்கு ஞாபகம் நிக்கறதில்ல,” என்றாள். “அந்த வண்டியில நான் வேலை முடிஞ்சு வர்றப்பல்லாம், சத்தம் கேட்டு, பையன் வந்துட்டான்னு ஓடி வருவார். நான் இறங்குவேன். ‘அவன் எங்கேம்மா?’ம்பார். சொல்லியாகணும். தினமும் சொன்னேன். தினமும் அவருக்கு அன்னிக்குத்தான் பிள்ளை செத்தான்.”

கேட்டின் தாழ்ப்பாள் விழுந்தது.

“பத்து நாளா அவர் அதைக் கேக்கல,” என்றாள்.

பெரியவர் இந்தப் பக்கமாக வந்து வண்டிக் கதவைத் திறந்தார். வெயிலில் நடந்ததில் மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னிக்குச் சீக்கிரம் விட்டுட்டாங்களா? பையைக் கொடு. இறங்கேன்டா, இன்னும் என்ன உக்காந்துக்கிட்டு?”

சேல்ஸ்மேன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையில் அவனுடைய பை இருந்தது. எடுத்து நீட்டினான். பெரியவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் வரை அவன் பையின் வாரை விடவில்லை.