இரண்டு பெட்டி மடவை

“நீ ஆத்துப் பக்கமே போகலைம்மா. ஒத்துக்க!”

தில்லைநாதன் சார் சோற்றைப் பிசைந்தபடியே கத்தினார். சிதம்பரத்தில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே சுவேதா நின்றுகொண்டிருந்தாள். அவள் ஆராய்ச்சி மாணவி, அவர் கைடு. நிற்காமல் என்ன செய்வாள்?

“போனேன் சார். கடலூர் முதுநகர்ல வலை இழுக்கும்போது கூடவே நின்னு வாங்கினேன்.”

“அப்ப ரிசல்ட் ஏன் சுத்தமா வருது? கழிவுத் தண்ணியில கெடக்குற மீனு, ஹார்மோனைக் கெடுக்குற கெமிக்கலையெல்லாம் செவுள் வழியா இழுக்குது. ஈரல் முடிஞ்ச மட்டும் உடைக்குது. மிச்சம் எங்க போய்த் தங்கும்?”

“கொழுப்புல சார்.”

“தெரியுதில்ல? ஆம்பள மீனுக்கே பொம்பள மீன் மாதிரி முட்டைச் சத்து ஊறியிருக்கணும். நீ கொண்டாந்ததெல்லாம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு! கடல் மீனை வாங்கியாந்து என்னை ஏமாத்துற. நாளைக்கே ஒன் பேரை அடிச்சிடுறேன்.”

சுவேதாவுக்கு அழுகை முட்டியது. சேற்றில் இறங்கி இறங்கி இரண்டு வருஷம் போயிருந்தது. போதாக்குறைக்கு, வாராவாரம் கடலூரிலிருந்து பஸ்ஸில் அவள் சுமந்து வருவது இரண்டு பெட்டி. லேபுக்கு ஆத்து மடவை, சார் வீட்டுக்குக் கடல் மடவை. “ஆத்து மீனை மனுஷன் தின்னுவானா?” என்று சார் போட்ட உத்தரவு அது.

சனிக்கிழமை சாயங்காலம் லேப் பூட்டியிருக்கும். அதனால் இரண்டு பெட்டியும் சார் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போகும். லேப் பெட்டியைத் திங்கட்கிழமை சாரே எடுத்து வருவார். ஒருமுறை சார் மனைவி சௌந்தரத்திடம் இந்த ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்ல சுவேதா வாயெடுத்தாள். “அவளுக்கு எதுக்கும்மா சயின்சு? வெச்சிட்டுக் கெளம்பு” என்று சார் அடக்கிவிட்டார்.

சௌந்தரம் குழம்புச் சட்டியோடு வந்தாள்.

“திட்டிக்கிட்டே சாப்புடாதீங்க, முள்ளு சிக்கும். இந்தாங்க, ஈரல்.”

சார் முகம் மலர்ந்துவிட்டது. “கொழம்புன்னா இதான்! எண்ணெய் எப்படி மெதக்குது பாரு!”

“மெதக்காம? நான் மீன் தொடமாட்டேன், ஆனா நறுக்குற கைக்குத் தெரியாதா? வீட்டுக்குன்னு இந்தப் பொண்ணு கொண்டார்றது வெறும் சக்கை. லேபுன்னு எழுதுன பொட்டியிலதான் கொழுப்பு ஜாஸ்தி. அறுத்துத் தூக்கிப் போடுற மீனுக்கு எதுக்குங்க அவ்ளோ கொழுப்பு? மொத வாரத்துலேர்ந்தே ரெண்டு பொட்டி மீனையும் மாத்தி வெச்சிடுறேன்.”

சாரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

சுவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சார், என் சாம்பிள் எதுவும் வீணாகலை. ரெண்டு வருஷத்துதும் ஒரே எடத்துல பத்திரமா இருக்கு. நீங்க எப்ப லேபுக்கு வர்றீங்க?”