ஆறாவது விளக்கு

"அந்தப் பழைய பெட்டியே போதும் மோளே, கழட்டாதே" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னார் அந்த ஆபீஸின் மூத்த டைப்பிஸ்ட் பைலி.

நசீமாவுக்கு எரிச்சல். திருச்சூரில் எத்தனையோ ஆபீஸில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பழைய ஹப் பெட்டியைக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச் என்ற புதுப் பெட்டியை மாட்டியிருக்கிறாள். வேகம் கூடும் என்றால் வேண்டாமென்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு டைப் அடிக்கும் ஆபீஸ் அது. எட்டுப் பேர், எட்டு கம்ப்யூட்டர். மானேஜர் மேனோனின் கண்ணாடி அறைக்கு எதிர்ச் சுவரில்தான் பெட்டி; அதன் முகப்பில் கம்ப்யூட்டருக்கு ஒன்றாக எட்டுச் சின்ன விளக்குகள்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் மேனோன்.

"ஹப்பு ஊர்வம்பு ஆசாமி சார். ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டியதை எட்டுப் பேர்கிட்டயும் சொல்லும். அதான் ஒருத்தர் வேலை செஞ்சாலும் எட்டு விளக்கும் மினுக்குது. ஸ்விட்ச் அப்படியில்ல. யாருக்கு வந்ததோ அவங்களுக்கு மட்டும் கொடுக்கும். அவங்க விளக்கு மட்டும்தான் மினுக்கும்."

மேனோன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ யார் தூங்குறாங்கன்னு இங்கிருந்தே தெரிஞ்சிடும்னு சொல்லு!"

பைலியின் முகம் வெளுத்தது. ஓஹோ, சங்கதி இதுதானா! மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று நினைத்துக்கொண்டாள் நசீமா.

மாட்டி முடித்தாள். பைலியின் கம்ப்யூட்டர் மூன்றாம் நம்பர். அந்த விளக்கு மினுக்காமல் நிற்பதைப் பார்க்க அவளுக்கே ஆசை.

மூன்று படபடவென்று மினுக்கியது. மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு. மினுக்காமல் சும்மா எரிந்துகொண்டிருந்தது ஆறு.

ஆறில் பிரின்ஸி. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆன பெண். காதில் ஹெட்ஃபோன், இடது கை கீபோர்டில், வலது கை துப்பட்டாவுக்குள்.

ஒயரைப் பார்க்கிற சாக்கில் நசீமா குனிந்தாள். மணிக்கட்டில் மாவுக்கட்டு!

"பஸ்ஸிலிருந்து விழுந்துட்டா." பின்னாலேயே வந்த பைலி கிசுகிசுத்தார். "வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாசம் இருக்கு. நாளுக்கு எண்ணூறு வரி அடிக்கலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என் வேலையோட அவ பேர்லயும் நான்தான் அடிக்கிறேன்."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "மோளே, நீ ஹப்பா, ஸ்விட்ச்சா?"

நசீமாவுக்குத் தன்னை நினைத்தே வெட்கமாகிவிட்டது.

"நசீமா!" என்று கண்ணாடி அறையிலிருந்து மேனோன் கூப்பிட்டார். "ஆறு ஏன் மினுக்கலை?"

நசீமா பிரின்ஸியின் காதருகே குனிந்தாள். "கட்டு எப்ப பிரிப்பாங்க?"

"மூணு வாரம், சேச்சி."

நசீமா நிமிர்ந்து குரல் கொடுத்தாள்.

"அந்த விளக்கு மட்டும் பழுது சார்! சரியாக மூணு வாரம் ஆகும்!"