காற்று வரும் பக்கம்

வேனுக்குப் பக்கத்தில் மடக்கு மேசையைப் போட்டு, சின்ன கேஸ் அடுப்பில் முட்டை பொரிப்பதுதான் பயணத்தில் எங்கள் காலை உணவு. காற்றை மறைக்க அடுப்புக்கு ஒரு தகடு வாங்கலாம் என்பேன். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று என் மனைவி காற்று வரும் பக்கம் போய், சால்வையை இரு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

அவள் இறந்து ஐந்து மாதமாகிறது. "வேனை வித்துடுங்கப்பா" என்றாள் மகள். நான் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இன்று ஏரிக்கரையில் காற்று ஆளைத் தள்ளியது. ரொட்டி சுற்றியிருந்த தாள் பறந்து தண்ணீரில் விழுந்தது. அடுப்பு எங்கே பற்றப்போகிறது என்றுதான் குச்சியைக் கிழித்தேன். முதல் குச்சியிலேயே பற்றியது. நீலச் சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது.

இரண்டு முட்டையை உடைத்து ஊற்றினேன். வெள்ளைக்கரு ஓரத்தில் முறுகத் தொடங்கியது. காற்று வரும் பக்கம் நான் திரும்பவே இல்லை.

முப்பத்தொரு வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா? வாணலியைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்: "குளிர்ல நிக்காதடி, உள்ள போ. நான் பாத்துக்கறேன்."

உயிரோடு இருந்தவரை ஒரு நாளும் அவள் அந்தப் பேச்சைக் கேட்டதில்லை.

சுடர் சாய்ந்து அணைந்தது.

ஒரே ஒரு குச்சி மிஞ்சும்வரை கிழித்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. பிறகு வேனுக்குள் கொக்கியில் தொங்கிய அவள் சால்வையை எடுத்துவந்து, காற்று வரும் பக்கம் நானே விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுப்பைப் பற்ற வைக்கத்தான் ஆள் இல்லை.