சோளக்காடு வாய் மூடிய காலை

சோளக்காட்டில் யாரும் பேசவில்லை.

இதைச் சொன்னால் மலையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். சோளக்காடு பேரில்தான் காடு, மற்றபடி மலைமேல் இருக்கிற கடைத்தெரு. ரோட்டின் இரண்டு பக்கமும் பழக்கடை, நடுவில் பஸ், பஸ்ஸைச் சுற்றி டூரிஸ்ட் கார்கள். மற்ற நாளில் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்கும்.

இன்றைக்கு ஈ பறக்கிற சத்தம் கேட்டது.

எல்லாம் தாமரைச்செல்விக்காக. பலாப்பழக் குவியலுக்குப் பின்னால் ஒரு கல்லின் மேல் ஏறி, போனை முகத்துக்கு நேராக ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் ஊரில் டவர் கிடையாது. சோளக்காட்டிலும் அந்தக் கல்லின் மேல் நின்று, போனை அசைக்காமல் ஸ்பீக்கரில் போட்டால்தான் லைன் அறுந்து போகாது. அதனால் அவளுக்கு வந்த இன்டர்வியூ எல்லாமே அந்தக் கல்லின் மேல்தான் நடந்தன.

எல்லாவற்றையும் கெடுத்ததும் சோளக்காடுதான்.

ஆஸ்பத்திரி ரிசப்ஷன் வேலை, பஸ் டிரைவர் செங்கோடன் அடித்த ஹாரனில் போனது. துணிக்கடை வேலை, பலாப்பழம் விற்கிற பொன்னாயியின் வாயால் போனது. "உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்று துணிக்கடைக்காரர் கேட்ட நேரம் பார்த்து, "அழுகலே இல்லீங்க, அறுத்துப் பாத்துட்டு எடுத்துக்கங்க!" என்று கூவித் தொலைத்தாள்.

பொன்னாயி அவளுக்குச் சொந்தச் சித்தி. அந்த ஒரு கூவலுக்காக இன்னும் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

இந்த வேலையும் போனால் மாமன் மகன் ரமேஷ்குமாருக்குக் கட்டி வைத்துவிடுவது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். தாமரைக்கு அதில் இஷ்டமில்லை. ரமேஷ்குமாருக்கு அவளைவிட இஷ்டமில்லை. அவன்தான் ரோட்டு வளைவில் நின்றுகொண்டு, ஹாரனில் கை வைக்கிற டிரைவரையெல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை ஈரோட்டுக் கம்பெனி. ஊர் ஊராகப் போய்ப் பொருட்காட்சி போடுகிறவர்கள். மைக்கில் அறிவிப்புச் சொல்ல ஆள் வேண்டுமாம்.

மைக்கில் பேசுகிற வேலை என்றால் சத்தம் ஆகவே ஆகாது என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டினார்கள். காலையிலேயே பொன்னாயி கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டாள்.

"புள்ள பேசி முடிக்கற மட்டும் எவனாச்சும் இருமுனீங்க, தும்முனீங்க, அந்த வளைவுல உருட்டி உட்ருவேன் ஆமா!"

மிளகுக் கடை சின்னுசாமிக்கு அப்போதே மூக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது அவர் துண்டை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார். செங்கோடன் தன் வலது கையைத் தொடைக்கடியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு டூரிஸ்ட் அம்மா பலாப்பழத்தைத் தொட்டு விலை கேட்டாள். பொன்னாயி விரலைக் காட்டினாள். அந்த அம்மா அதைவிடக் குறைவாக விரலைக் காட்டினாள். பொன்னாயி சத்தம் வராமல் தலையில் அடித்துக்கொண்டாள்.

கேட்டதற்கெல்லாம் தாமரை பட்பட்டென்று பதில் சொன்னாள். ஸ்பீக்கரில் அந்த ஈரோட்டுக்காரர் 'ம்ம், ம்ம்' என்று கொட்டும்போதெல்லாம் கடைத்தெரு தலையாட்டியது.

கடைசியில் அவர் பெருமூச்சு விட்டார்.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க அம்மிணி. ஆனா உங்க பக்கம் ஒரு காக்கா கத்தற சத்தம்கூடக் காணோமே! இப்படி அமைதியான எடத்துல இருக்கறவங்க எங்களுக்குச் சரிப்பட மாட்டீங்க. இங்க ஒரு பக்கம் ராட்டினம், ஒரு பக்கம் ஜெனரேட்டரு, ஒரு பக்கம் காணாமப் போன கொழந்தைங்க அழுவாச்சி. அதுக்கு மேல உங்க கொரலு எந்திரிக்கோணுமுங்க. தப்பா நெனைக்காதீங்க, வெச்சிரட்டுங்களா?"

கடைத்தெரு பொன்னாயியைப் பார்த்தது. பொன்னாயி பலாப்பழத்தைப் பார்த்தாள்.

வளைவில் ரமேஷ்குமார் கும்பிட்ட கையோடு அப்படியே நின்றுவிட்டான்.

"ஒரே நிமிசமுங்க சார்" என்றாள் தாமரை. திரும்பிச் சித்தியைப் பார்த்துத் தாடையை லேசாக உயர்த்தினாள்.

அவ்வளவுதான்.

முதலில் வெடித்தது சின்னுசாமியின் தும்மல். துண்டு பறந்து அன்னாசிப்பழக் கூடையில் விழுந்தது. செங்கோடன் அதுவரை அடிக்காத ஹாரனையெல்லாம் வட்டியோடு சேர்த்து அடித்தான். வளைவில் நின்றிருந்த வண்டிகள் அதற்குப் பதில் சொல்லின. பொன்னாயி திறந்த வாயை மூடவே இல்லை. அவள் கூவியது பலாப்பழத்தையா, அந்த டூரிஸ்ட் அம்மாவின் பேரத்தையா என்று யாருக்கும் தெரியவில்லை. நாய்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன.

இத்தனைக்கும் நடுவில் தாமரை மூச்சை இழுத்தாள். எதிர்ச்சரிவில் மேயும் ஆட்டை இந்தச் சரிவில் நின்றபடியே திருப்புகிற குரல் அவளுக்கு.

"வெள்ளக் கார் நிறுத்தியிருக்கற அண்ணா! ஹேண்ட்பிரேக் போடாமப் போயிட்டீங்க! வண்டி பின்னால உருளுதுங்கோவ்!"

சோளக்காடு மறுபடியும் அடங்கிவிட்டது.

எந்தக் காரும் உருளவில்லை. ஆனால் வெள்ளைக் காரில் வந்திருந்த அத்தனை பேரும் வாயில் பலாச்சுளையோடு ஓடினார்கள். செங்கோடன்கூட எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் பிரேக்கை ஒருதரம் மிதித்துப் பார்த்துக்கொண்டான்.

"சார்?" என்றாள் தாமரை.

போனுக்குள் நாற்காலி ஒன்று கீழே விழுந்த மாதிரி சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

"லைனு போயிருச்சா சாமி?" என்று பொன்னாயி கிசுகிசுத்தாள்.

லைன் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஈரோட்டிலிருந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் குரல் வந்தது.

"என்ர வெள்ளக் காரும் நின்ன எடத்துலயேதான் நிக்குதுங்க அம்மிணி. நீங்க திங்கக்கெழம வந்துருங்க."