முப்பத்தொரு விரல்கள்

ரத்தக்குழாயைப் பிடித்திருந்த கவ்வியை எடுத்ததும் விரலுக்குள் ரத்தம் பாய்ந்தது. வெளிறிக் கிடந்த கட்டைவிரல் மெல்லச் சிவந்தது.

டாக்டர் யமிலே நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். கழுத்து மரத்துப் போயிருந்தது.

கரும்பு வெட்டும்போது கத்தி தவறித் துண்டான விரல். ஒரு மில்லிமீட்டர் ரத்தக்குழாய். முடியைவிட மெல்லிய நூலில் எட்டுத் தையல்.

பால்மீரா மருத்துவமனையில் அவள் ஒட்டிய முப்பத்திரண்டாவது விரல் இது. தலைமை மருத்துவர் எபெர்ட்டோ பக்கத்தில் இல்லாமல் ஒட்டிய முதல் விரல். அவர் கார்த்தஹேனாவில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார்.

திங்கட்கிழமை முதல் அவளுக்கு பாஸ்தோவில் வேலை. அந்த மலை ஊரில் இதற்கு வேறு ஆள் கிடையாது. 'இவளுக்கு இனி என் உதவி தேவையில்லை' என்று எபெர்ட்டோ எழுதிக் கொடுத்த கடிதம் வாங்கித் தந்த வேலை.

"வெளிய அந்தாளு பொண்டாட்டி ஜெபமாலையைத் தேய்ச்சே தீத்துடுவா போலிருக்கு. போய்ச் சொல்லுங்க டாக்டரம்மா," என்றாள் நூபியா. இருபது வருடமாக எபெர்ட்டோவுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ்.

அது எபெர்ட்டோ வைத்த வழக்கம். ரத்தம் பாய்ந்ததும், தைத்தவரே போய்க் குடும்பத்திடம் சொல்ல வேண்டும். 'நல்ல சேதி உன்னுடையது. தோலை நான் மூடிக்கொள்கிறேன்' என்பார்.

முப்பத்தொரு முறை அவள் போயிருக்கிறாள். முப்பத்தொரு முறையும் யாராவது கட்டிப்பிடித்து அழுதிருக்கிறார்கள்.

கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவருகே போனாள்.

பின்னால் காகிதம் கிழியும் சத்தம் கேட்டது.

நூபியா புதிய நூல் பாக்கெட் ஒன்றைப் பிரித்துத் தட்டில் வைத்திருந்தாள். தோல் தைக்கிற நூல் அல்ல. ரத்தக்குழாய்க்கான அதே மெல்லிய நூல். பக்கத்தில் சிறிய கத்தரி.

"அது எதுக்கு?"

நூபியா தன் கையையே பார்த்தாள்.

"பழக்க தோஷம்."

யமிலே கதவைத் திறக்கவில்லை. நூபியாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நீங்க வெளிய போனதும் அவர் உங்க தையலை வெட்டிட்டு மறுபடி தைப்பாரு. எல்லாத்தையும் இல்ல..."

"எதையெல்லாம்?"

"நான் எண்ணி வெக்கல. ஆரம்பத்துலயே தைரியம் போயிட்டா அப்புறம் கை வராதுன்னு சொன்னாரு. உங்க நல்லதுக்குத்தான் தாயி."

கார்த்தஹேனாவில் அவர் பேசப்போகும் தலைப்பு யமிலேவுக்குத் தெரியும். இளம் மருத்துவர்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது எப்படி. அங்கே திரையில் காட்டும் படத்தைத் தயாரித்துக் கொடுத்ததே அவள்தான். அவள் பெயர். கீழே, முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று வெற்றி.

கட்டைவிரலைப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது.

மோசமான தையலிலும் முதல் ஐந்து நிமிடம் விரல் சிவப்பாகத்தான் இருக்கும். அடைத்துக்கொள்வது அதற்குப் பிறகு. அந்த நேரத்தில் அவள் ஒருமுறைகூட இந்த அறையில் இருந்ததில்லை.

மறுபடி கை கழுவிக்கொண்டு வந்து நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்ல?" என்றாள் நூபியா.

"எனக்கே இன்னும் தெரியலன்னு சொல்லுங்க."