ஞாயிற்றுக்கிழமை வந்தவர்

"ஞாயித்துக்கிழமையும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார்றவளுக்கு ஜெபம் ஒரு கேடா?"

தேவாலயப் படியில் இறங்கும்போது பின்னால் யாரோ சொன்னது சேய்னியின் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் ஹவேயா பாதிரியார் நின்றிருந்தார். சபைப் பள்ளிகளின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவளுக்குக் கொடுத்தவர்.

"இன்னிக்கும் ஆபீசுக்கா?"

"ஆமாங்க ஐயா. மெமரி கொஞ்சம் கொஞ்சமா ரொம்பி, சர்வர் மூச்சடைச்சு நின்னுடுது. நிறுத்தி ஓடவிட்டா ஓடுது. காரணம்தான் பிடிபடல."

"அதுக்கு ஆறு நாள் போதாதாம்மா?"

"மத்த நாள்ல ஆயிரம் பேர் வந்து போறாங்க. யாரு வந்தா ரொம்புதுன்னே தெரியல. இன்னிக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க இல்லீங்களா?"

டோங்கா தீவுகளில் ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, பஸ் கிடையாது, விமானம்கூட இறங்காது.

"அந்த அமைதி ஆண்டவருக்கும்மா. உன் சர்வருக்கு இல்ல. நாளைக்கு மூப்பர் கூட்டம். இந்த வேலைய உன்கிட்டயே விடறதா வேண்டாமான்னு அங்க பேசிக்கலாம்."

சேய்னி தலையாட்டிவிட்டு நடந்தாள். ஆலயத்துக்கு மரியாதையாக உடைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டும் கோரைப்பாயைக்கூட அவிழ்க்காமல் ஆபீசில் உட்கார்ந்தாள்.

மதியம், சேம்பிலையில் பொதிந்து வேகவைத்த கறியோடு கணவன் ஃபெலெடி வந்தான்.

"ஊரே தின்னுட்டுத் தூங்குது. நீ என்னடான்னா..."

"ஆள் கிடைச்சாச்சு. ஒரே ஆள். ஆராதனை நேரம் தவிர, விடிஞ்சதுலேருந்து அறுபது தடவ வந்திருக்காரு. பழைய போன், சிக்னல் அறுந்து அறுந்து போகுது. அவரு போனப்புறமும் சர்வர் அந்த இடத்த விடல. பந்தி எழுந்தும் இலைய எடுக்காத மாதிரி."

ஃபெலெடி திரையில் பெயரைப் படித்தான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நாளைக்கு இந்தப் பேர சத்தமா படி. உன் வேலைய எவன் தொடறான்னு பாப்போம்."

"மெயில் எங்க போகுதுன்னு பாரு. எல்லாம் ஆஸ்திரேலியாவுல, குவீன்ஸ்லாந்து பழத்தோட்டங்களுக்கு. அங்க வேலைக்குப் போயிருக்கிற நம்ம பசங்களுக்கு இன்னிக்கு மட்டும்தானே லீவு."

"இருக்கட்டுமே. அவருக்கு ஒரு நியாயம், உனக்கு ஒண்ணா?"

அவள் சர்வரைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

மறுநாள் கூட்டத்தில் அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

"நேத்து பிடிபட்டுது. அறுந்து அறுந்து வந்த ஒரு பழைய போன். அது போனப்புறமும் சர்வர் இடம் பிடிச்சு வச்சிருந்தது. தப்பு சர்வர் மேலதான். சரி பண்ணிட்டேன்."

"யாரோட போன்?" ஒரு மூப்பர் கேட்டார்.

சேய்னி மேசையையே பார்த்தாள். "யாரோடதா இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும் ஐயா."

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சது போதாதுன்னு, இன்னொருத்தனையும் மறைக்கிறா. இவ வேண்டாம்கிறவங்க கைய தூக்குங்க" என்றார் அதே மூப்பர்.

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. மிஞ்சியது ஹவேயா பாதிரியாரின் கை. அது மேலே போகவில்லை. சட்டைப்பைக்குள் போய், ஓரம் உடைந்த பழைய போன் ஒன்றை எடுத்து, மேசை நடுவில் வைத்தது.